சர்க்கரை நோயாளியைக் கண் டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி

ஏற்காடு அடிவாரத்துக் கிராமம் ஒன்றில், வீடு தேடி மாத்திரை கொடுக்கும் தன்னார்வலருடன் நானும் போயிருந்தேன். ஆதார் எண் வேண்டுமென்று கேட்டதும், அந்த வீட்டு அம்மா ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைத் திறந்து திண்ணையில் கொட்டினார். குடும்ப அட்டை, ஆதார், பேத்தியின் பள்ளிக்கூடப் படம் ஒன்று. அவற்றோடு நான்காக மடித்த மூன்று சீட்டுகள். பிரித்துப் பார்த்தால் மூன்றும் என் கையெழுத்து. கண் பிரிவுக்குப் போகச் சொல்லி ஆண்டுக்கு ஒன்றாக நான் கொடுத்தவை.

எங்கள் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே, கண் பரிந்துரைக் கட்டத்தில், மூன்று ஆண்டுக்கும் டிக் இருந்தது. யார் வந்து சோதித்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த அம்மாவின் விழித்திரையை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

நான் சேலம் மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் பிரிவு என் பொறுப்பு. அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு நான் வேலை செய்யும் விதம் மாறியது. அப்படி மாற்றிக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். செவிலியருக்கும் தன்னார்வலருக்கும் இது பயன்படும். வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கும் மகனுக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் இன்னும் அதிகமாகவே பயன்படும். கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள்தானே.

முதலில், எதற்கு என்று புரியவையுங்கள்

“எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது சிஸ்டர்.” இந்த ஒரு பதிலைத்தான் தினமும் கேட்கிறேன். முன்பெல்லாம் வாதாடுவேன். இப்போது சொல்வது இதுதான்: “நன்றாகத் தெரிகிறது என்று எனக்கும் தெரியும் அண்ணா. அதனால்தான் இப்போதே போகச் சொல்கிறேன்.” இதைக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் ஒரு நிமிடம் நின்று என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்குள் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

கண்ணின் பின்பக்கம் விழித்திரை என்ற மெல்லிய படலம் இருக்கிறது. அதில் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. பல ஆண்டுகள் சர்க்கரை கூடியே இருந்தால் அந்தக் குழாய்களின் சுவர் நைந்து கசியத் தொடங்கும். கசிவு பார்வையின் நடுப்பகுதிக்கு வந்தால் அங்கே வீக்கம் வரும். ரத்த ஓட்டம் குறைந்த இடங்களில் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை பலமில்லாதவை, சட்டென்று உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். இதில் எதுவுமே தொடக்கத்தில் வலிக்காது, சிவக்காது, உறுத்தாது. பார்வையில் தெரிய வரும்போது நோய் பாதித் தூரம் வந்திருக்கும்.

இந்தியாவின் பல மாநிலங்களில் 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2022-இல் வெளியானது. அதில் ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. எங்கள் வெளி நோயாளிப் பகுதியில் ஒரு நீள பெஞ்சு இருக்கிறது, நெருக்கி உட்கார்ந்தால் எட்டுப் பேர். “இந்த பெஞ்சில் ஒருவருக்கு இருக்கலாம், அது யார் என்று வெளியிலிருந்து பார்த்தால் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது” என்று சொல்லும்போது, உட்கார்ந்திருப்பவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க மாட்டார்கள். தன்னைத்தான் நினைப்பார்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். “போகாவிட்டால் கண் போய்விடும்” என்று மிரட்டாதீர்கள். அம்மாப்பேட்டைப் பக்கம் குடியிருக்கும் ஒருவரிடம் நான் அப்படிச் சொன்னேன். அடுத்த நான்கு மாதம் அவர் மாத்திரைக்கே வரவில்லை. கண் டாக்டருக்குப் பயந்தவர் என்னிடம் வருவதையும் நிறுத்திக்கொண்டார். சர்க்கரை ஏறிப்போய்க் காலில் புண்ணோடுதான் திரும்பி வந்தார். என் வாய் செய்த வேலை அது. பயந்தவர் ஒளிந்துகொள்வார், அவ்வளவுதான். “இப்போது பார்த்தால் இருக்கும் பார்வையைக் காப்பாற்றலாம், அதற்கு வைத்தியம் இருக்கிறது” என்பதே உண்மை. அதைச் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பம்: “போன மாதம்தான் கண் சோதித்தேன்” என்பார்கள். பொய் இல்லை, சோதித்திருப்பார்கள். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்திருப்பார்கள், அல்லது முகாமில் புரை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்திருப்பார்கள். அது வேறு, இது வேறு. கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: “சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் உட்கார வைத்தார்களா? வெளியே வந்தபோது வெயில் கூசியதா?” ஆம் என்றால் விழித்திரையைப் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். சில இடங்களில் சொட்டு மருந்து இல்லாமலே கேமராவால் விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள், அதுவும் நல்லதுதான். இரண்டும் இல்லையென்றால், புதுக் கண்ணாடி எவ்வளவு அழகாக இருந்தாலும், பரிசோதனை நடக்கவில்லை. புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இதே பேச்சுத்தான். லென்ஸ் புதிது, விழித்திரை பழையதுதான்.

யார், எப்போது போக வேண்டும்? பெரியவர்களுக்கு வரும் சாதாரணச் சர்க்கரை என்றால், நோய் இருப்பது தெரிந்த உடனேயே ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. சிறு வயதிலேயே வந்து இன்சுலினில் இருப்பவர்கள் என்றால், நோய் வந்து ஐந்து ஆண்டுக்குள் தொடங்க வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை இருக்கும் பெண் கருத்தரித்தால் முதல் மூன்று மாதத்துக்குள் பார்த்துவிட வேண்டும், கர்ப்ப காலத்தில் விழித்திரைப் பாதிப்பு வேகமெடுக்கக்கூடும். டாக்டர் ஏதாவது பாதிப்பைக் கண்டு முன்னதாக வரச் சொன்னால் அவர் சொல்லும் கணக்குத்தான் கணக்கு.

ஒற்றைக் கண் சோதனை

கால் புண்ணோடு திரும்பி வந்தாரே, அவர் கைத்தறி நெசவாளர். வெண்பட்டு வேட்டி நெய்பவர். புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது தானாகவே பேசினார். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் சரியில்லையாம். கொடுத்த இடத்தில் இரண்டு முறை சண்டை போட்டாராம். இழையெல்லாம் நேராக நிற்காமல் நெளிந்து நெளிந்து நிற்கிறதாம். மகன் வந்து பார்த்துவிட்டு, “நன்றாகத்தானே இருக்கிறது” என்றானாம்.

நான் பஞ்சைக் கீழே வைத்தேன். சுவரில் தினசரி நாள்காட்டி தொங்கியது. பக்கத்தில் கம்பி போட்ட சன்னல். “அண்ணா, வலது கையால் வலது கண்ணை மூடுங்கள். அழுத்த வேண்டாம். சன்னல் கம்பியைப் பாருங்கள்” என்றேன். பார்த்தார். “நேராக இருக்கிறது” என்றார். “இப்போது அடுத்த கண்ணை மூடுங்கள்.” இடது கையை எடுத்து இடது கண்ணை மூடினார். வெகு நேரம் பேசவில்லை. மூடிய கையை எடுத்தார், மறுபடி மூடினார். “சிஸ்டர், கம்பி வளைந்திருக்கிறது. நடுவில் ஒரு கம்பி காணவில்லை.” பிறகு மெதுவாக, “பாவு மேல் குற்றம் இல்லை” என்றார்.

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மூடிவிடும். பெரும்பாலோர் வருடக்கணக்கில் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அதனால் ஒரு கண்ணை மூடி நாள்காட்டித் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள், சன்னல் கம்பியையோ கதவுச் சட்டத்தையோ பார்க்கச் சொல்லுங்கள், பிறகு அடுத்த கண். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு செய்ய வேண்டும். கோடு நெளிந்தால், நடுவில் கறையாகத் தெரிந்தால், ஒரு கண்ணில் மட்டும் எழுத்து மங்கினால் அந்த வாரமே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

எல்லாம் நேராகத் தெரிந்தால்? அப்போதும் போகத்தான் வேண்டும். இந்தச் சோதனை வந்துவிட்ட பாதிப்பில் ஒரு பகுதியைத்தான் காட்டும், வரப்போவதைக் காட்டாது. இதைச் செய்துவிட்டு “எனக்கு ஒன்றுமில்லை” என்று ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டால், நாமே அவரைத் தடுத்துவிட்டோம் என்று பொருள்.

“போகிற அன்று என்ன நின்றுபோகும்?”

இந்தக் கேள்விதான் என் கையில் இருக்கும் முக்கியமான கருவி. “ஏன் போகவில்லை?” என்று கேட்டால் குற்றவாளியைக் கேட்பதுபோல் ஆகிவிடுகிறது. “மறந்துவிட்டேன், அடுத்த வாரம் போகிறேன்” என்ற பதில்தான் வரும். “போகிற அன்று என்ன நின்றுபோகும்?” என்று கேட்டால் வாழ்க்கை வெளியே வரும்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்யும் ஒரு தம்பியிடம் கேட்டேன். இரண்டு ஆண்டாகச் சீட்டு வாங்கி வாங்கிப் பையில் போட்டவர். “அன்று பாதி நாள் போனால் பரவாயில்லை சிஸ்டர். மருந்து விட்டால் கிட்டத்தில் இருப்பது தெரியாது என்கிறார்கள். கொலுசுக் கண்ணி மயிர் மாதிரி இருக்கும். அந்த நாள் முழுதும் போச்சு” என்றார். செய்த அளவுக்குத்தான் அவருக்குக் கூலி. அவருடைய கணக்கில் ஒரு தப்பும் இல்லை. சொட்டு மருந்துக்குப் பிறகு கிட்டப் பார்வை நான்கு முதல் ஆறு மணி நேரம் மங்கலாக இருக்கும், சிலருக்கு மறுநாள் காலைவரை நீளும். இதை நான் அவருக்குச் சொல்லவே இல்லை, பட்டறையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அவருக்குக் கிடைத்த வழி மின்தடை நாள். பராமரிப்புப் பணிக்காகப் பகல் முழுதும் கரண்ட் நிறுத்தும் அறிவிப்பு நாளிதழில் முன்கூட்டியே வரும். அன்று கம்பி இழுக்கும் மெஷினும் மெருகு போடும் மெஷினும் ஓடாது, பட்டறையில் எப்படியும் பாதி வேலைதான். அந்த நாளைப் பார்த்து அனுப்பினேன். போய் வந்தார். அதிலிருந்து அந்த அறிவிப்பு வந்தால் கத்தரித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். விசைத்தறிக்காரர்களுக்கும் அதே நாள்தான்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் கொலுசுக்காரர்களிடம் சீட்டை நீட்டாதீர்கள். ஆர்டர் நெருக்கும், வரமாட்டார்கள். ஆடியிலேயே முடித்துவிடுங்கள். ஏற்காட்டு மலையில் நவம்பரிலிருந்து ஜனவரி முடியும்வரை காப்பிப் பழம் பறிப்பு. எஸ்டேட்டில் கூலி கூடுதலாகக் கிடைக்கும் காலம் அது ஒன்றுதான், அதை விட்டுவிட்டுக் கீழே இறங்கச் சொல்வது நியாயமில்லை. பறிப்பு தொடங்குவதற்கு முன்னால் தேதி போடுங்கள்.

மலைக்காரர்களுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, பரிசோதனை முடித்து, மருந்து விட்ட கண்ணோடு அதே 20 வளைவு ஏற வேண்டும். தலை சுற்றும், வாந்தி வரும், பஸ் போர்டு தெரியாது. உட்கிராமத்துக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டால் இருட்டில் நடை. தனியாக ஒருவரை அனுப்பினால் வழியிலேயே மனசு மாறிவிடும். ஒரே ஊரிலிருந்து மூன்று நான்கு பேராக, கூடவே கண்ணுக்கு மருந்து விடாத ஒருவரையும் சேர்த்து, முதல் பஸ்ஸில் இறக்கிவிடுவதே நல்லது. நான்கு பேர் சேர்ந்து போனால் கல்யாணத்துக்குப் போவதுபோல் பேசிக்கொண்டே போய்விடுவார்கள்.

பெண்கள் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கணவரின் மருந்துச் சீட்டு அவர்கள் கையில் பத்திரமாக இருக்கும். மாமியாரை அழைத்து வந்தவர்களும் அவர்களே. தன் சீட்டு என்று வரும்போது, “மகனுக்கு லீவு கிடைக்கட்டும்” என்பார்கள். மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் பேரனைக் கூப்பிட நிற்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு ஆண்டு கண் காட்டாமல் இருந்த பாட்டியைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நான் ஒரு வார்த்தை சொன்னேன், அன்று ஒரு நாள் அவர் பையனைக் கூட்டி வந்தார். அவ்வளவு சிறிய விஷயம்! பஸ் செலவு தடையாக இருந்தால், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதை நினைவுபடுத்துங்கள். எந்த பஸ் நேராகப் போகும் என்று கேட்டு எழுதிக் கொடுங்கள்.

வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. “நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் அம்மா” என்று பணத்தைக் கையில் கொடுப்பது கூட்டிக்கொண்டு போவதாகாது. ஒரு நாள் லீவு போடுங்கள். ஆண்டுக்கு ஒரு நாள்தான்.

சீட்டில் என்ன எழுதுவது

திண்ணையில் சீட்டுகளைக் கொட்டிய அம்மாவிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். என்ன நின்றுபோகும் என்று. அவர் சொன்னது: “எதுவும் நிற்காது கண்ணு. நான் போனேனே.”

முதல் ஆண்டே போயிருக்கிறார். சேலத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு. சீட்டுப் போடும் வரிசையில் நின்று, முறை வந்ததும், எந்தப் பிரிவு என்று கேட்டிருக்கிறார்கள். சீட்டை நீட்டலாமென்றால் வரிசையில் பின்னால் இருப்பவர்கள் நெருக்கியதில் கை உதறிப் பைக்குள் தேடியிருக்கிறார். அதற்குள் அடுத்தவர் முன்னால் வந்துவிட்டார். ஓரமாக ஒதுங்கிச் சீட்டை எடுத்துப் படிக்கப் பார்த்திருக்கிறார். அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். நான் எழுதியிருந்தது ஆங்கிலத்தில், அதுவும் கிறுக்கல். யாரிடம் கேட்பது என்று கூச்சப்பட்டு ஒரு தூணோரம் நின்றிருக்கிறார். நேரம் முடிந்தது, பஸ் ஏறி வந்துவிட்டார். அடுத்த இரண்டு ஆண்டும் நான் கொடுத்த சீட்டுகளை மறுபேச்சில்லாமல் வாங்கி உறைக்குள் வைத்தார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ கோபிப்பாய் என்று நினைத்தேன்” என்றார்.

இப்போது என் சீட்டுகள் வேறு மாதிரி. மருத்துவருக்கு வேண்டியது ஒரு பக்கம்: எத்தனை ஆண்டாகச் சர்க்கரை, கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவும் மூன்று மாதச் சராசரியும், ரத்த அழுத்தம், என்னென்ன மாத்திரை, இன்சுலின் உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா, முன்பு கண்ணில் லேசரோ ஊசியோ அறுவையோ நடந்திருக்கிறதா. கண் நீர் அழுத்த நோய் இருப்பதாக யாராவது சொல்லியிருந்தால் அதைக் கட்டாயம் எழுத வேண்டும், சொட்டு மருந்து விடுவதற்கு முன் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

மறுபக்கம் நோயாளிக்கு. தமிழில், பெரிய எழுத்தில்: “நான் சர்க்கரை நோயாளி. விழித்திரைப் பரிசோதனைக்கு வந்திருக்கிறேன். கண் பிரிவு எங்கே?” பேசத் தயங்குபவர் இதை நீட்டினால் போதும், எதிரில் இருப்பவர் வழி காட்டிவிடுவார். அதன் கீழே எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும். “விரைவில்” என்று எழுதாதீர்கள், தேதி எழுதுங்கள். அந்தத் தேதியை உங்கள் வாயால் முடிவு செய்யாமல் அவர் வாயால் சொல்ல வையுங்கள். தானே சொன்ன தேதிக்கு மனிதர்கள் மரியாதை கொடுக்கிறார்கள். கூடவே ஆதார், காப்பீட்டு அட்டை, மாத்திரைப் பட்டைகள், பழைய கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே பையில் வைக்கச் சொல்லுங்கள். சீட்டைப் போனில் படம் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவிடுங்கள்.

முதல் நாளும் அன்றைய நாளும்

முதல் நாள் மாலை ஒரு போன். “நாளைக்கு நினைவிருக்கிறதா?” என்று கேட்பதைவிட, “நாளைக்கு எத்தனை மணி பஸ்?” என்று கேளுங்கள்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். இதை அடித்துச் சொல்கிறேன். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போய்ப் பழகியவர்கள் கண் பரிசோதனைக்கும் அப்படியே போவார்கள். மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, இட்லியை விட்டுவிட்டு, வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றால் சர்க்கரை இறங்கும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மயங்கி விழுவார்கள். டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை, வழக்கமான சாப்பாடு, வழக்கமான மாத்திரை, வழக்கமான இன்சுலின். பையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில், மதியத்துக்குக் கட்டுச்சோறு, அவசரத்துக்கு நான்கு மிட்டாய்.

இரு சக்கர வண்டியில் தானே ஓட்டிப் போகக் கூடாது. போகும்போது கண் தெரியும், வரும்போது தெரியாது. கறுப்புக் கண்ணாடி இருந்தால் நல்லது, இல்லையென்றால் குடையோ தொப்பியோ. சேலத்து வெயிலில் விரிந்த கண்மணியோடு வெளியே வந்தால் வெள்ளைச் சுவரைக்கூடப் பார்க்க முடியாது.

உள்ளே என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதலில் எழுத்துப் பலகை. பிறகு சொட்டு மருந்து, சில நொடி எரியும். கண்ணை மூடி இருபது முப்பது நிமிடம் உட்கார வேண்டும், போதவில்லை என்றால் இன்னொரு சொட்டு. பிறகு டாக்டர் பிரகாசமான விளக்கு வைத்து மேலே பார், கீழே பார் என்பார். வலிக்காது. மங்கல் தானாகவே சரியாகும். அன்று சாயங்காலம் கண்ணில் கடுமையான வலி, சிவப்பு, தலைவலியோடு வாந்தி என்று வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே கண் மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். அபூர்வம்தான், ஆனால் சொல்லி வைக்க வேண்டும்.

டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகள்: விழித்திரையில் சர்க்கரைப் பாதிப்பு இருக்கிறதா? எந்தக் கண்ணில், எந்த அளவு? நான் மறுபடி எப்போது வர வேண்டும்? மூன்றுக்கும் பதிலை எழுதி வாங்கி வர வேண்டும். கூடப் போகிறவரின் முக்கிய வேலை இதுதான்.

போய் வந்த பிறகு

இரண்டு நாள் கழித்துப் போன் செய்யுங்கள். போகவில்லை என்றால் திட்டாதீர்கள், மறுபடியும் அதே கேள்வி: என்ன நின்றது? அடுத்த தேதி. போய் வந்திருந்தால் அந்தக் காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லிப் படித்துக் காட்டுங்கள். பாதிப்பு இல்லை என்று வந்தால் மகிழ்ச்சியோடு சொல்லுங்கள், கூடவே, “இது இந்த ஆண்டுக்கு” என்றும் சொல்லுங்கள். ஒருமுறை நன்றாக இருக்கிறது என்று கேட்டவர்தான் அடுத்த ஆண்டு போக மறுப்பார்.

பாதிப்பு இருக்கிறது, லேசர் அல்லது ஊசி வேண்டும் என்று வந்தால் நாம் இன்னும் பக்கத்தில் நிற்க வேண்டும். முதல் பரிசோதனைக்குப் போனவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நழுவுகிறார்கள். “கண்ணில் ஊசியா!” என்ற அந்த அலறல் எனக்குப் பழக்கம். கண்ணை மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் போடுவார்கள், சில நொடிகளில் முடியும். ஆனால் ஒரு ஊசியோடு முடியாது. தொடக்கத்தில் மாதம் ஒன்று என்று சில மாதம் தொடர வேண்டியிருக்கும். இதை முதல் ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள். ஊசிக்குப் பிறகு வலி கூடினால், கண் சிவந்தால், பார்வை குறைந்தால் அன்றே போக வேண்டும்.

லேசர் பற்றி ஊரில் ஒரு கெட்ட பெயர் இருக்கிறது: “லேசர் வைத்தும் பார்வை வரவில்லை.” லேசர் பெரும்பாலும் இழந்த பார்வையைத் திருப்பித் தருவதற்கல்ல, இருப்பது மேலும் போகாமல் நிறுத்துவதற்கு. அறுந்த இழையை முடிச்சுப் போடுவதுபோல் என்று நெசவாளரிடம் சொன்னேன். அவர் உடனே புரிந்துகொண்டார். “துணி மேலே ஓட வேண்டுமே, அதற்குத்தானே” என்றார். அவருக்கு வலது கண்ணில் ஊசி, இடது கண்ணில் லேசர். தறியில் இன்றும் உட்காருகிறார்.

செலவுக்கு: முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் சேரலாம், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை குடும்பத்துக்குப் பாதுகாப்பு. சொல்லப்பட்ட சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனையிலேயே காப்பீட்டு மேசையில் கேட்டுவிட்டுத் தேதி வாங்குங்கள். சந்தேகம் என்றால் 104-க்கு அழைத்துக் கேட்கலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லாவிட்டால் லேசரும் ஊசியும் பாதிதான் உதவும் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

சீட்டுக்கும் தேதிக்கும் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. திடீரென்று கண் முன்னால் கரும்புள்ளிகளோ புகைபோன்ற இழைகளோ மிதந்தால், மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தால், ஒரு பக்கம் திரை இறங்கியதுபோல் இருந்தால், ஒரு கண்ணில் சட்டென்று பார்வை குறைந்தால், அன்றே போக வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது.

கடைசியாகப் பதிவேடு. அச்சடித்து வரும் பதிவேட்டில் அனுப்பியதற்குத்தான் கட்டம் இருக்கிறது. நான் ஸ்கேல் வைத்து இன்னும் இரண்டு கோடு இழுத்துக்கொண்டேன்: “போனார்”, “அடுத்த தேதி”. சீட்டு கொடுத்த அன்று டிக் அடிப்பதை நிறுத்திவிட்டேன். கண் டாக்டர் எழுதிய காகிதத்தை என் கண்ணால் பார்த்த அன்றுதான் அடிக்கிறேன். மாதக் கடைசியில் வெறுமையாக இருக்கும் கட்டங்களை எண்ணி, அந்தப் பெயர்களைத் தன்னார்வலரிடம் கொடுக்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து அவர்தான் மாதாமாதம் அந்த வாசற்படி ஏறுகிறார், அந்த வீட்டில் ஆடு குட்டி போட்டதுவரை அவருக்குத் தெரியும். என் போனுக்குச் சொல்லாத காரணத்தை அவரிடம் சொல்வார்கள்.

அந்த அம்மா நான்காவது சீட்டோடு போனார். தமிழ்ச் சீட்டு. இரண்டு கண்ணிலும் தொடக்க நிலைப் பாதிப்பு, இப்போது சிகிச்சை தேவையில்லை, ஆறு மாதம் கழித்து வரவும் என்று எழுதி வாங்கி வந்தார். ஆறாவது மாதம் அவரே என்னிடம் வந்து நின்றார். பழைய சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள் வைக்கவில்லையாம், நாள்காட்டி ஆணியில் குத்தி வைத்திருந்தாராம். “இந்த முறை இரண்டு சீட்டு எழுது கண்ணு” என்றார். “பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிப் போகிறேன். எந்த வரிசை என்று எனக்குத் தெரியும்.”